மறுக்கத் தெரிந்த நிரல்

(தென்னேரியில் கல்லூரி மாணவர்களும் நெசவாளர் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்துத் தறியில் இறங்கிய ஒரு புடவையைக் கோயம்புத்தூரில் ஒருவர் வாங்குகிறார். பணம் கைபேசி வழியாக வருகிறது. அவருடைய கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் நடுவில் யாரும் படிக்க முடியாத வடிவில் போக வேண்டும். போய்ச் சேருகிற இடம் அவருடைய வங்கிதான் என்பதும் உறுதியாக வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். வங்கி ஆப் எழுதுகிறவர்கள் இதைத் தாங்களே எழுதுவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல், குனூடிஎல்எஸ், மொசில்லாவின் என்எஸ்எஸ், கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நிரல் நூலகங்களில் ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த நூலகங்களைத் தானியங்கியாகப் பரிசோதிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏன் இதற்கென்று தனியாக ஒரு பேச்சு? கணக்குப் போடும் மென்பொருள் கெட்டால் கூட்டல் தப்பாக வரும், கடைக்காரர் அன்றைக்கே கத்துவார். பாதுகாப்பு மென்பொருள் கெட்டால் யாரும் கத்த மாட்டார்கள். பணம் போகும், பக்கம் திறக்கும், பூட்டுப் படமும் தெரியும். எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். அதனால் இங்கே பரிசோதனையை விட்டால் பிழையைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சியே கிடையாது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஐபோனில் டிஎல்எஸ் வேலையைச் செய்யும் நிரலில், பிழை கண்டால் வெளியேறு என்று சொல்லும் ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. முதல் வரி ஒரு நிபந்தனைக்குக் கீழே இருந்தது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. விளைவு, சர்வர் போட்ட கையொப்பம் சரியா என்று பார்க்கும் கடைசிப் படியை நிரல் எட்டவே இல்லை. பார்க்காமலேயே 'சரி' என்று சொல்லிவிட்டு வந்தது. உண்மையான வங்கிக்குப் போனால் சரியாக இணைத்தது. உண்மையான கடைக்குப் போனாலும் சரியாக இணைத்தது. சரியான சர்வர்களை வைத்து ஆயிரம் பரிசோதனை ஓட்டியிருந்தாலும் ஆயிரமும் வெற்றிதான். தப்பான கையொப்பம் போடும் சர்வர் ஒன்றை உருவாக்கி, அதை இந்த நிரல் மறுக்கிறதா என்று ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 வந்து அதைத் திருத்தியது.

நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள் அடங்கியிருக்கிறது. இந்த ஊரில் ஏரி தெரியாதவர் இல்லை, அதனால் ஏரியை வைத்தே சொல்கிறேன். மழைக்கு முன்னால் மதகைப் பார்க்கப் போகிறவர் ஷட்டரை ஏற்றித் தண்ணீர் வருகிறது என்று திரும்பிவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. இறக்கினால் ஒழுகாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகுகிற மதகும் திறக்கும்போது நன்றாகத்தான் திறக்கும். கோடையில்தான் ஏரி காலி என்று தெரியவரும். டிஎல்எஸ் நூலகத்துக்கும் அப்படியே. எதை ஏற்கிறது என்பதைவிட எதை மறுக்கிறது என்பதைச் சோதிக்க வேண்டும்.

அதே 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே வந்தது ஹார்ட்பிளீட். மாணவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு முனைகளும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள ஒரு சின்னச் செய்தி உண்டு. 'இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, இதன் நீளம் இவ்வளவு' என்று ஒருவர் கேட்பார், மற்றவர் திருப்பி அனுப்புவார். அனுப்புகிறவர் ஒரே ஒரு பைட் அனுப்பிவிட்டு, நீளம் 65,535 என்று பொய் சொன்னால்? நிரல் அந்தப் பொய்யை நம்பி, தன் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்த 64 கிலோபைட்டையும் அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படிப் போயின. அந்த நிரல் 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டு, 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு உலகம் முழுக்கப் போனது. இரண்டு வருடத்துக்கு மேல் உண்மையான நீளம் சொன்னவர்களுக்கெல்லாம் அது உண்மையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்திரிகைகள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிட்டன. பரிசோதனை செய்கிறவர்களுக்கு இதற்கு அடுத்ததுதான் முக்கியம். அளவுக்கு மீறி நினைவகத்தைப் படித்தால் பொதுவாக இயங்குதளமே நிரலை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் அந்தக் காலத்தில் வேகத்துக்காகத் தனக்கென்று ஒரு நினைவகக் கையிருப்பை வைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை பயன்படுத்திய இடத்தை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்காமல் தானே மறுபடி எடுத்துக்கொள்ளும். அதனால் இயங்குதளத்தின் அந்தக் காவல் பலிக்கவில்லை. இந்தக் கையிருப்பை அணைத்துவிட்டு நூலகத்தைக் கட்டுவதற்கு ஓர் அமைப்புத் தேர்வும் இருந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலாளர் டெட் உனாங்ஸ்ட் அதை அணைத்துக் கட்டிப் பார்த்தார். நூலகம் ஒழுங்காக இணைக்கவே இல்லை. விடுவித்துவிட்ட இடத்தையே திரும்பப் படித்தால்தான் வேலை செய்யும் என்கிற இன்னொரு பிழை உள்ளே இருந்தது, அதை அந்தக் கையிருப்பு மறைத்து வைத்திருந்தது. தேர்வு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தத் தேர்வோடு யாரும் பரிசோதனை ஓட்டாமல் விட்டதால் வந்த நிலை இது. ஓட்டாத அமைப்பு தானாகவே அழுகிப்போகும்.

நிரலாளர்களைக் குறை சொல்வதும் எளிது. ஆனால் அன்றைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். உலகத்தின் எத்தனையோ வங்கிகள் அதன் மேல் உட்கார்ந்திருக்க, முழு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். ஹார்ட்பிளீட்டுக்குப் பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைக் கூட்டி நிதி திரட்டியது. அந்தப் பணமும் கவனமும் பரிசோதனையில் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை இன்றைய மூலநிரலைத் திறந்தாலே பார்க்கலாம்.

திறந்தே பார்ப்போம். மூலநிரலை இறக்கியதும் முதல் வேலை கான்ஃபிகர் என்னும் நிரலை ஓட்டுவது. உங்கள் கணினி என்ன, எந்தக் கம்பைலர், எந்த வசதிகள் வேண்டும், எவை வேண்டாம் என்பதெல்லாம் இங்கே முடிவாகும். வேண்டாத வசதிக்கு முன்னால் 'நோ' போட்டால் அது விலகும். 'எனேபிள் ஏசான்' என்று போட்டால், ஒவ்வொரு நினைவகப் படிப்பையும் கண்காணித்து, எல்லை மீறிய அந்த நொடியே நிரலை நிறுத்தும் காவலும் சேர்த்துக் கட்டப்படும். 2015இல் ஹன்னோ போக் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர், இந்தக் காவலோடு பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கட்டி, கண்டபடி மாற்றிய செய்திகளைத் தானாக அனுப்பும் ஏஎஃப்எல் என்ற கருவியை அதன் மேல் விட்டார். சுமார் ஆறு மணி நேரத்தில் ஹார்ட்பிளீட் வெளியே வந்தது. எங்கே தேட வேண்டும் என்று அவர் அதற்குச் சொல்லவில்லை.

கட்டி முடித்ததும் 'மேக் டெஸ்ட்'. திரையில் வரிசையாக ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு பரிசோதனைக் குறிப்பு, முன்னால் ஓர் எண் இருக்கும். கடைசியில் 'ஓகே' என்று முடியும். ஒன்றை மட்டும் ஓட்ட அதன் பெயரைக் கொடுக்கலாம். விவரமாகப் பார்க்க 'வி=1' என்று சேர்த்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இந்த வரிசையில் 70 என்ற எண்ணில் தொடங்கும் கூட்டத்தில் பல என் மனதுக்கு நெருக்கமானவை. அவை கிளையன்டுக்கும் சர்வருக்கும் நடுவில் ப்ராக்ஸி என்னும் ஓர் இடையாள் நிரலை நிறுத்துகின்றன. அந்த ப்ராக்ஸி போகிற செய்தியைப் பிடித்து, நீளத்தை மாற்றும், வெற்றுப் பதிவுகளைச் செருகும், அனுப்பக் கூடாததை அனுப்பும். மறையாக்கம் இருந்தால் நடுவில் நின்று எப்படி மாற்றுவது? அதற்காக மறையாக்கத்தைப் போலியாகச் செய்து, கணிக்கக்கூடிய விடை தரும் ஒரு துணை நிரலைப் பரிசோதனைக்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றிய செய்தியைக் கண்டதும் இணைப்பு முறிய வேண்டும். முறிந்தால் 'ஓகே'. ஏற்றுக்கொண்டால் பரிசோதனை தோல்வி.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 3.0 வரிசையில் அந்தத் துணை நிரல் 'என்ஜின்' என்ற வசதி வழியாக ஏற்றப்படுகிறது. சிறிய கருவிக்குக் கட்டுகிறவர் இடம் மிச்சம் செய்ய 'நோ என்ஜின்' என்று கான்ஃபிகரில் போட்டுவிட்டால், ப்ராக்ஸிப் பரிசோதனைகள் ஓடாது. திரையில் 'ஸ்கிப்டு' என்று வரும், அதன் பக்கத்தில் காரணமும் வரும். ஆனால் கடைசி வரியில் 'ரிசல்ட்: பாஸ்' என்றே இருக்கும். கடைசி வரியை மட்டும் படிக்கிறவர் எல்லாம் சோதிக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். உண்மையில் மறுப்பைச் சோதிக்கும் பகுதிதான் விட்டுப்போயிருக்கும். ஆகவே எந்தப் பரிசோதனை அறிக்கையையும் 'ஸ்கிப்டு' வரிகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். தவிர்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாத குழுவின் பச்சை விளக்கை நான் நம்ப மாட்டேன்.

எந்தக் கணினியில் ஓட்டுகிறோம் என்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். 2022 ஜூன் 21 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.4 வெளியானது. இன்டெலின் சில புதிய ப்ராசசர்களில் ஏவிஎக்ஸ்512 ஐஎஃப்எம்ஏ என்ற கட்டளைத் தொகுப்பு உண்டு. அந்த ப்ராசசர் இருந்தால் மட்டும் 2048 பிட் சாவியோடு செய்யும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்கக் கணக்கு தப்பாகப் போய் நினைவகமும் கெட்டது. மற்ற கணினிகளில் ஒரு குறையும் இல்லை. மறுநாளே ஷி ருவோயாவ் என்பவர் கண்டுபிடித்துத் தெரிவித்தார், திருத்தத்தையும் அவரே எழுதினார். ஜூலை 5 அன்று 3.0.5 வந்தது. பாதிக்கப்படும் கணினியில் முறையாகப் பரிசோதனை ஓட்டினால் அது தோற்கும், பயன்பாட்டுக்குப் போகுமுன்பே கண்ணில் பட்டுவிடும் என்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் அறிவிப்பிலேயே குறிப்பிட்டது. வேறொருவர் வேறொரு கணினியில் ஓட்டி வெற்றி கண்டார் என்பது உங்கள் சர்வருக்கு உத்தரவாதம் ஆகாது. எங்கே ஓடப் போகிறதோ அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தேதியும் அப்படித்தான். அதே ஜூன் மாதம் 1ஆம் தேதி, ஓப்பன்எஸ்எஸ்எல் பரிசோதனைக்கென்று வைத்திருந்த சில சான்றிதழ்கள், அதாவது இந்த சர்வர் இன்னாருடையது என்று உறுதி சொல்லும் கோப்புகள், காலாவதியாயின. ஓர் எழுத்துகூட மாறாத நிரலின் பரிசோதனைகள் அன்று காலை தோற்கத் தொடங்கின. பழைய பதிப்பைக் கட்டுகிறவர்கள் கணினியின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி ஓட்ட வேண்டியிருந்தது. பரிசோதனைக்கு உரிய நேரத்தைப் பரிசோதனைக்குள்ளேயே நிலையாகக் கொடுத்துவிடுவது நல்லது. காலாவதியான சான்றிதழை மறுக்கிறதா என்பதை அதற்கென்று தனியாகச் சோதியுங்கள்.

இப்போது நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர். கார்த்திகேயன் பார்கவன். டெல்லி ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்று, பாரிஸில் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். அவரும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, நான் இதுவரை சொன்னதை ஒரு படி மேலே கொண்டுபோனது. டிஎல்எஸ்ஸில் இரு முனைகளும் பேசிக்கொள்வதற்கு ஒரு முறை வரிசை உண்டு. வணக்கம், சான்றிதழ், சாவிப் பரிமாற்றம், முடிவு என்று. ஒவ்வொரு செய்தியும் சரியாக இருந்து வரிசை மட்டும் மாறினால் என்ன ஆகும்? அவர்கள் சரியான உரையாடல்களை எடுத்து, ஒரு செய்தியை விட்டுவிட்டு, ஒன்றை இரண்டு முறை அனுப்பி, ஒன்றைத் தாண்டிக் குதித்து, இப்படி முறை தவறிய வரிசைகளைத் தானியங்கியாக உருவாக்கினார்கள். அவற்றைப் புகழ்பெற்ற நூலகங்கள் மேல் ஏவினார்கள்.

ஜாவாவின் டிஎல்எஸ் நூலகத்தில், சர்வர் சான்றிதழைக் காட்டிவிட்டு நடுவில் உள்ள எல்லாவற்றையும் விட்டு நேராக 'முடிந்தது' என்று சொன்னால் கிளையன்ட் அதை ஏற்றுக்கொண்டது. மறையாக்கமே இல்லாமல் தரவை அனுப்பத் தொடங்கியது. ஆரக்கிள் 2015 ஜனவரியில் திருத்தியது. இன்னொன்றுக்கு ஃப்ரீக் என்று பெயர் வந்தது. 1990களில் அமெரிக்கா வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் மென்பொருளில் வேண்டுமென்றே பலவீனமான 512 பிட் சாவியைத்தான் அனுமதித்தது. சட்டம் தளர்ந்த பிறகும் அந்த நிரல் பகுதிகள் நீக்கப்படாமல் பல சர்வர்களில் கிடந்தன. கிளையன்ட் பலவீனமான சாவியைக் கேட்காதபோதும், நடுவில் நிற்பவர் அதை வரவழைத்துக் கொடுத்தால் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் ஆப்பிளின் நூலகமும் வாங்கிக்கொண்டன. அந்தச் சாவியை உடைக்க 2015இல் வாடகைக் கணினிகளுக்கு ஆன செலவு சுமார் 100 டாலர். இந்த வரிசையில் இந்தச் செய்தி வரக் கூடாதே என்று கேட்கும் ஒரு பரிசோதனை அந்த நூலகங்களில் பல ஆண்டுகளாக இல்லை.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். போரிங்எஸ்எஸ்எல் குழு, கோ மொழியில் எழுதிய டிஎல்எஸ் நிரலின் பிரதி ஒன்றை எடுத்து, அதற்கு விதவிதமாகத் தப்புச் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தத் தப்பு செய்யும் எதிராளியை ரஸ்ட்எல்எஸ் போன்ற பிற நூலகங்களும் பயன்படுத்துகின்றன. சான்றிதழ் பக்கத்தில், 2014இல் சுமன் ஜனா, பைசாகி ராய் உள்ளிட்ட குழுவினர், உண்மையான சான்றிதழ்களைத் துண்டு துண்டாக்கி மாற்றி ஒட்டி 80 லட்சத்துக்கும் மேற்பட்ட விநோதச் சான்றிதழ்களைச் செய்தார்கள். ஒரே சான்றிதழைப் பல நூலகங்களிடம் கொடுத்து, ஒன்று ஏற்று இன்னொன்று மறுத்தால் அங்கே பிழை இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 208 முரண்பாடுகள் கிடைத்தன. எது சரி என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நூலகங்களையே ஒன்றுக்கொன்று சாட்சியாக்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

சான்றிதழ் என்றதும் நம் நாட்டு நிகழ்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதை அந்த நிறுவனம் கண்டது. வழங்கியது நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருந்தது இந்தியாவின் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், அதை விண்டோஸ் நம்பியது. மறுநாளே கட்டுப்பாட்டாளர், அந்தப் பிரிவுக்குச் சான்று வழங்கும் உரிமை தந்த இடைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். பிறகு குரோம் உலாவி, இந்தியக் கட்டுப்பாட்டாளரின் சான்றிதழ்களை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி போன்ற குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் செல்லும்படி கட்டுப்படுத்தியது. கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திராத ஃபயர்ஃபாக்ஸுக்குப் பாதிப்பு இல்லை. இதில் நூலகத்தின் நிரலில் பிழை எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துவது நிரல்தான். அரசு முகவரிக்கு மட்டும் என்று எல்லை கட்டிய சான்றிதழைக் கொண்டு வேறொரு முகவரிக்குக் கையொப்பம் போட்டுக் கொடுத்தால் மறுக்கிறதா, ரத்தானதை மறுக்கிறதா என்று ஒவ்வொரு பதிப்புக்கும் பரிசோதனை வேண்டும்.

பழைய பரிசோதனைகளை நீக்கவும் கூடாது. 1998இல் டேனியல் பிளைசென்பாகர் ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்றத்தில் ஒரு தாக்குதலைக் காட்டினார். சர்வர் தரும் பிழைச் செய்திகளின் வேறுபாட்டை வைத்தே ரகசியத்தைக் கறக்கும் வித்தை. அது தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். 2017 டிசம்பரில் அதே தாக்குதல் ஃபேஸ்புக், பேபால் தளங்கள் உட்படப் பல இடங்களில் மறுபடி பலித்தது. அதற்கு ரோபாட் என்று பெயர் வைத்தார்கள். இடையில் 19 வருடம் ஓடியிருந்தது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூலநிரல் யாருக்கும் இலவசம். உங்கள் மடிக்கணினியில் இறக்கி, கான்ஃபிகர் ஓட்டி, மேக் டெஸ்ட் கொடுங்கள். 'ஸ்கிப்டு' வரிகளை முதலில் படியுங்கள். பிறகு ஏசான் சேர்த்து மறுபடி கட்டி ஓட்டுங்கள். வீட்டில் பழைய கணினியோ ராஸ்ப்பெர்ரி பையோ இருந்தால் அதிலும் ஓட்டுங்கள், அதிகம் பேர் ஓட்டிப் பார்க்காத கணினிதான் அதிகம் பயன்படும். எங்காவது தோற்றால் ப்ராசசர், இயங்குதளம், கான்ஃபிகரில் கொடுத்த தேர்வுகள், வெளிவந்த முழுச் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து அவர்களுக்கு எழுதுங்கள். பாதுகாப்புக் குறையாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பொதுவெளியில் போடாமல், அவர்களுடைய பாதுகாப்புக் குழுவின் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்புங்கள்.